கடைக் கம்ப்யூட்டரை அடகு வைக்காமல் ஓட்டுவது எப்படி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. மறுநாள் காலை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எந்தக் கம்ப்யூட்டரும் படுத்துவிடவில்லை. கணக்கு சாஃப்ட்வேரான டாலி திறந்தது, பில் ஓடியது, தராசு எடை காட்டியது. "அதான் ஓடுதே" என்று பல கடைகள் விட்டுவிட்டதற்கு இதுதான் காரணம். ஓடத்தான் செய்யும். இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் வராது. பேங்க் பாஸ்வேர்டும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதே மெஷினில் இருக்கின்றன என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

மெஷினையோ அதில் ஓடும் சிஸ்டத்தையோ மாற்றும் அந்த ஒரு நாளுக்காகத்தான் பெரிய கம்பெனிகள் காத்திருக்கின்றன. புது விண்டோஸ் மைக்ரோசாஃப்ட் ஐ.டி. கேட்கும், டெஸ்க்டாப்பை ஒன்டிரைவ் என்ற தன் இணையச் சேமிப்புக்குள் இழுக்கும், தன் பிரவுசரான எட்ஜை முன்னால் நிறுத்தும். குரோமைப் போட்டால் கூகுள் ஐ.டி.யில் நுழையச் சொல்லும். "சரி, சரி" என்று தட்டிக்கொண்டே போனால் ஐந்து நிமிடத்தில் கடையின் பாதி அடகுக் கடைக்குப் போயிருக்கும். கடையின் ஃபைலும் பாஸ்வேர்டும் அவர்கள் கையில் இருப்பதைத்தான் அடகு என்கிறோம். அடகு வைப்பது தவறில்லை, திரும்ப எடுக்கக் கையில் சீட்டு இருக்க வேண்டும். ஐ.டி. ஆள் யாரும் இல்லாமல் ஒன்றிரண்டு மெஷின்களோடு இருக்கும் கொலுசுப் பட்டறை, சேகோ மில் அலுவலகம், ஏற்காட்டில் நான்கைந்து அறை வாடகைக்கு விடும் வீடு ஆகியவற்றை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

சண்டை எதற்கு என்று ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். 1994-ல் வந்த நெட்ஸ்கேப் என்ற பிரவுசரை முந்த மைக்ரோசாஃப்ட் 1995-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைக் கொண்டுவந்தது. பிறகு அதை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது. 1998-ல் அமெரிக்க அரசு அதற்காக வழக்குப் போட்டது. வழக்கு முடிவதற்குள் நெட்ஸ்கேப் காலி. 2004-ல் ஃபயர்பாக்ஸ், 2008-ல் குரோம். 2020-ல் மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜே கூகுள் பின்னின்று நடத்தும் குரோமியம் எஞ்சினுக்கு (இணையப் பக்கத்தைத் திறந்து காட்டும் உள்பகுதி) மாறிக்கொண்டது. பிரவுசர்களிலும் போன்களிலும் தன் தேடலே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக 2021-ல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியே வந்தது. இங்கே இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விஷயத்தில் 2022 அக்டோபரில் ரூ.1,337.76 கோடி அபராதம் போட்டது. மாற்றத் தெரிந்தவர்கள்கூட மாற்ற மாட்டார்கள் என்ற கணக்குக்குத்தான் அவ்வளவு பணமும். அதனால் நாம் செய்ய வேண்டிய வேலைகளில் முக்கால்வாசி, "ஏற்கெனவே இருப்பதை" ஒரு தடவை கையால் மாற்றி வைப்பதுதான்.

முதலில் ஒரு பேரேடு

மெஷினைத் தொடும் முன் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். ஒன்று, என்ன வேலை. இரண்டு, அது எந்தச் சாஃப்ட்வேரில், யாருடைய ஐ.டி.யில் இருக்கிறது. மூன்று, எந்த ஃபைலாக வெளியே எடுக்கலாம். நான்காவது கட்டம் காலியாக இருக்கட்டும், அதைக் கடைசியில் நிரப்பலாம்.

கொலுசுக் கடைக்கு எழுதினால் இப்படி வரும்: கணக்கு டாலியில், டிசைன் போட்டோக்கள் கூகுள் போட்டோஸில், மகனுடைய ஜிமெயிலில், பட்டறைக் கூலிப் பட்டியல் கூகுள் ஷீட்டில், பாஸ்வேர்டுகள் குரோமுக்குள், தராசிலிருந்து எடை வரும் ஒயர் பில்லிங் சாஃப்ட்வேருக்கு, கேமரா பதிவுப் பெட்டியான பழைய டிவிஆர் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும். மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றும் தோன்றாத வரி எதுவோ, அதுதான் அடகில் இருக்கிறது.

இரண்டாவது கட்டத்தில் பெரும்பாலும் ஒரு அதிர்ச்சி இருக்கும். கடையின் ஜிமெயிலுக்கு மீட்பு நம்பராக வேலையை விட்டுப் போனவரின் செல் நம்பர் இருக்கும். இதை இன்றே மாற்றுங்கள். கூகுள் ஐ.டி.யின் பாதுகாப்புப் பக்கத்தில் முதலாளியின் நம்பரைப் போட்டு, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, அங்கேயே கிடைக்கும் பத்து பேக்கப் கோடுகளைப் பிரின்ட் எடுத்துப் பீரோவில் வையுங்கள். இரண்டு வருடம் தொடப்படாமல் கிடக்கும் தனிநபர் கூகுள் கணக்கை அழிக்கும் வழக்கம் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. பழைய போட்டோக்களுக்கென்றே ஒதுக்கி வைத்த ஐ.டி. இருந்தால் மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

பொருளை வெளியே எடுப்பது

1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் படிக்கும், எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்கினால் இந்த வடிவம் சீக்கிரம் கெட்டுப்போகும். எஜெக்ட் கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

டாலிபிரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் பேக்கப் வரும். எடுக்கும் இடமாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் காட்டுங்கள். சி டிரைவில் எடுத்த பேக்கப் சி டிரைவோடு சேர்ந்தே போகும். டாலியின் புது ரிலீஸுக்குத் தரவு மாறிவிட்டால் பழைய ரிலீஸில் திறக்காது என்பதால், பேக்கப் ஃபோல்டரின் பெயரிலேயே ரிலீஸ் நம்பரையும் எழுதிவிடுங்கள்.

ஒன்டிரைவில்தான் அதிகம் பேர் ஏமாறுவார்கள். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் நீல மேகப் படம் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் மெஷினில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. நெட் இல்லாத நாளில் திறக்காது. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்த மெஷினில் வை என்று பொருள்படும் வரியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றிலும் பச்சை டிக் வந்த பிறகு காப்பி செய்யுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் தானாக அதற்குள் போய்க்கொண்டிருந்தால் அது சீக்கிரமே நிறைந்து, "இடம் வாங்குங்கள்" என்று கேட்க ஆரம்பிக்கும். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப் மேலாண்மை என்ற இடத்தில் இதை நிறுத்தலாம். நிறுத்தியதும் டெஸ்க்டாப் வெறிச்சோடிப் போய்விட்டது போலத் தெரியும். பதறாதீர்கள். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் உள்ள டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரில் இருக்கும், அங்கிருந்து வெட்டி வெளியே ஒட்டுங்கள்.

கூகுளில் வேறு வகைப் பொறி. கூகுள் டிரைவை மெஷினில் ஒரு டிரைவாகப் போட்டிருப்பவர்கள் அதை அப்படியே எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டு "காப்பி ஆயிடுச்சு" என்பார்கள். பிடிஎஃப், போட்டோ எல்லாம் உண்மையில் வந்திருக்கும். கூகுள் ஷீட்டும் கூகுள் டாக்கும் வந்திருக்காது. ஒவ்வொன்றும் ஒரு கேபி அளவில், உள்ளே ஒரு லிங்க் மட்டும் இருக்கும் துண்டுச் சீட்டு அது. கணக்குப் போனால் சீட்டும் செல்லாது. இதற்கு, நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் டேக்அவுட் சேவை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே டிரைவைத் தேர்ந்தெடுத்து, ஷீட்டுகளை எக்செல் வடிவில் கேளுங்கள். மொத்தத்தையும் 10 ஜிபி துண்டுகளாகக் கேளுங்கள். 50 ஜிபியாகக் கேட்டு, 48-ல் நெட் அறுந்தால் முதலிலிருந்து இறக்க வேண்டிவரும். லிங்க் மெயிலில் வர சில மணி நேரம் ஆகலாம், சில நாளும் ஆகலாம். வந்த பிறகு சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். அதனால் தீபாவளி வியாபாரத்துக்கு நடுவில் கேட்காதீர்கள்.

டேக்அவுட்டில் வரும் போட்டோக்களில் சிலவற்றுக்குத் தேதி ஜேசான் என்ற தனிக் குறிப்பு ஃபைலில் இருக்கும். அந்தச் சின்ன ஃபைல்களைக் குப்பை என்று நினைத்து அழித்தால் 2019-ல் எடுத்த டிசைனும் நேற்று எடுத்ததும் ஒரே தேதியில் நிற்கும்.

குரோமிலிருந்து பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்தால் சிஎஸ்வி என்ற பட்டியல் ஃபைலாக வரும். அதில் எல்லாம் பூட்டில்லாமல், யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். வேறு பிரவுசரிலோ பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்ட் பெட்டகத்திலோ ஏற்றியவுடன் அந்த ஃபைலை ஷிஃப்ட், டெலீட் இரண்டும் சேர்த்து அழியுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் புதிதாக வரும் பாஸ்கீயை எங்கே சேமிக்கிறீர்கள் என்று பார்த்துச் சேமியுங்கள். ஒரு கம்பெனியின் பெட்டகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாஸ்வேர்டைத் தூக்கிப்போவது போல அதை இன்னும் சுலபமாகத் தூக்கிப்போக முடியவில்லை.

பிரவுசர்: இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது

குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாம் ஒரே குரோமியம் எஞ்சினில் ஓடுபவை. ஸோஹோவின் 'உலா' என்ற பிரவுசரும் அப்படித்தான். நம்ம ஊர் கம்பெனி, தகவல் திரட்டுவதைக் குறைத்திருக்கிறார்கள், நல்லதுதான். எஞ்சின் மட்டும் அதேதான். விண்டோஸில் வேறு எஞ்சின் என்று சொல்லத்தக்கது ஃபயர்பாக்ஸ் ஒன்றுதான். குரோமியத்தில் ஒரு அப்டேட் வந்து பேங்க் பக்கம் திறக்காமல் போனால் எட்ஜுக்கு ஓடிப் பயனில்லை. அதனால் ஒரு குரோமியம், ஒரு ஃபயர்பாக்ஸ் என்று வைத்து, ஜிஎஸ்டி, பேங்க், ஈ-வே பில் மூன்றையும் இரண்டிலும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

விளம்பரத் தடுப்பு வேண்டுமானால் ஃபயர்பாக்ஸ் பக்கம்தான் சாய வேண்டும். நீட்டிப்புகளுக்கான பழைய விதிமுறையைக் குரோம் கைவிட்டதால் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு அதில் ஓடுவதில்லை. லைட் என்ற குறைந்த வடிவம்தான் உண்டு. ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது. பில் போடும் மெஷினில் இது அலங்காரம் இல்லை. போலி "டவுன்லோட்" பொத்தான்களில் பாதி விளம்பரமாகத்தான் வருகின்றன.

இயல்பு பிரவுசரை மாற்ற: செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் போய், வேண்டிய பிரவுசரின் பெயரைத் தட்டினால் மேலே ஒரே பொத்தான் இருக்கும். விண்டோஸ் 11 வந்த புதிதில் ஒவ்வொரு ஃபைல் வகையாக மாற்ற வைத்தார்கள், கூச்சல் எழுந்த பிறகு 2022-ல் இந்தப் பொத்தான் வந்தது. இதற்குப் பிறகும் டாஸ்க்பார் தேடலில் வரும் இணைய லிங்குகள் எட்ஜில்தான் திறக்கும். அது உங்கள் தவறில்லை.

பழைய டிவிஆருக்கு எட்ஜையும் தூக்கி எறியாதீர்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15-ல் ஓய்வு பெற்றாலும் எட்ஜுக்குள் அதன் ஆவி இருக்கிறது. எட்ஜ் செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் பகுதியில் ஐஇ மோடை அனுமதித்து, டிவிஆரின் ஐபி முகவரியை அந்தப் பட்டியலில் சேர்த்தால் கேமரா படம் வரும். 30 நாளில் அந்தச் சேர்க்கை காலாவதியாகும். ஒரு மாதம் வேலை செய்துவிட்டுத் திடீரென்று வெள்ளைத் திரை காட்டினால் டிவிஆர் கெடவில்லை, மறுபடியும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்த மோடில் டிவிஆரைத் தவிர வேறெதையும் திறக்காதீர்கள்.

சிஸ்டம்: எந்த மெஷினுக்கு எது

முதலில் சிபியு நம்பரைப் படியுங்கள். ஐ3-6100 என்றால் ஆறாவது தலைமுறை, ஐ5-8400 என்றால் எட்டாவது. இன்டெலில் எட்டிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அனுமதி. ஏழாவதில் விரல் விட்டு எண்ணும் சில விதிவிலக்குகள் மட்டும். ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. அடுத்து டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப். விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் டிபிஎம் புள்ளி எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் அடித்தால் பதிப்பு எண் 2.0 என்று காட்ட வேண்டும். "கிடைக்கவில்லை" என்று வந்தால் உடனே புது மெஷின் வாங்க ஓடாதீர்கள். எட்டாம் தலைமுறை போர்டுகளில் பெரும்பாலும் அது இருக்கும், அணைத்து வைத்திருப்பார்கள். மெஷின் இயங்கத் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில் இன்டெலுக்குப் பிடிடி என்றும், ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்றும் இருப்பதை இயக்கினால் போதும்.

எல்லாம் இருந்தும் "செக்யூர் பூட் இல்லை" என்று வருவது மூன்றாவது வகை. விண்டோஸை எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அமைப்பில் நிறுவியிருப்பார்கள். இங்கே வரிசை முக்கியம். முதலில் பேக்கப். பிறகு நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டில் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியைச் சோதனை முறையில் ஓட்டுங்கள். அது தேறினால் மாற்றும் முறையில் ஓட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பயாஸில் லெகசி என்ற பழைய பூட் முறையிலிருந்து யூஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். தலைகீழாக, பயாஸை முதலில் மாற்றினால் மெஷின் டிஸ்க்கே இல்லை என்று சொல்லிக் கறுப்புத் திரையில் நிற்கும். திரும்ப லெகசிக்குப் போட்டால் உயிர் வரும். டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பிரைமரிப் பார்ட்டிஷன் இருந்தாலும் அந்தக் கருவி மறுத்துவிடும்.

விண்டோஸ் 11 வந்தவுடன் செய்ய வேண்டிய ஒன்று: செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஐ.டி.யோடு புதிதாக நிறுவிய மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. சாவி, 48 இலக்க எண், அந்த ஐ.டி.க்குள் இருக்கும். பின்னால் பயாஸைத் தொட்டாலோ போர்டு மாற்றினாலோ அந்த 48 இலக்கம் கேட்கும். நிறுவித் தந்தவர் தன் ஐ.டி.யைப் போட்டிருந்தால் கடையின் சாவி அவரிடம். எண்ணைப் பிரின்ட் எடுத்து, பேக்கப் கோடுகளோடு சேர்த்து வையுங்கள்.

தராசு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சேலத்தில் சிஸ்டம் மாற்றிய பிறகு வரும் முதல் புகார் அதுவாகத்தான் இருக்கும். தராசின் ஆர்எஸ்-232 ஒயருக்கும் யூஎஸ்பிக்கும் நடுவில் ஒரு மாற்றி இருக்கும். அதற்குள் உள்ள சிப் பழைய பிஎல்2303 வகையானால், விண்டோஸ் 11-ல் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்து, "2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்" என்ற பொருளில் ஆங்கில வரி நிற்கும். தராசு நன்றாகத்தான் இருக்கிறது. எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சிப் உள்ள மாற்றியை வாங்கிப் போடுங்கள். அதன் பிறகும் எடை வராவிட்டால் போர்ட் எண் மாறியிருக்கும். பில்லிங் சாஃப்ட்வேர் காம்3-ஐத் தேடும், புது மாற்றி காம்5-ல் உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் எண்ணை 3 ஆக்கி, வேகம் தராசில் உள்ளதற்கு (பல தராசுகளில் 9600) பொருந்துகிறதா என்று பாருங்கள்.

சிபியு தகுதி இல்லாத மெஷினுக்கு மூன்று வழி. ஒன்று, 2026 அக்டோபர் 13 வரையிலான நீட்டிப்புத் திருத்தங்கள். விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பில் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம், செட்டிங்ஸைக் கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். இரண்டு வழிக்கும் மைக்ரோசாஃப்ட் ஐ.டி. வேண்டும். மூச்சு விட நேரம் தரும், தீர்வு இல்லை. இரண்டு, தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐத் திணிப்பது. ஊரில் பலர் செய்து தருகிறார்கள், ஓடவும் செய்கிறது. திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கணக்கு மெஷினில் இது வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. மூன்று, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டமான லினக்ஸ்.

லினக்ஸ் என்றதும் இரண்டு வகைப் பேச்சு வரும்: எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து, இல்லாவிட்டால் அது நமக்கு ஆகாது. இரண்டும் சரியில்லை. டாலி விண்டோஸுக்கானது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் அதோடு விடுங்கள். ஆகவே கணக்கு மேஜையில் விண்டோஸ். ரிசப்ஷன், இரண்டாவது கவுன்டர், பிள்ளைகள் படிக்கும் மெஷின், மெயிலும் வாட்ஸ்அப் வெப்பும் மட்டும் பார்க்கும் மெஷின் இவற்றில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் கச்சிதம். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் உண்டு. 4 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் போதும். கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் இலவசம், நிறுவுவதும் சுலபம். கூகுள் ஐ.டி. இல்லாமல் வேலைக்கு ஆகாது, போனில் உள்ள ஆப்கள் அதில் ஓடாது. ஒரு அடகுக் கடையிலிருந்து மீட்டு அடுத்த கடையில் வைப்பதாகவே முடியும்.

நிறுவும்போது பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி அதில் நிறுவிவிட்டு, விண்டோஸோடு இருக்கும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி டிராயரில் வையுங்கள். பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் பழைய நிலை. ஒரே டிஸ்க்கில் இரண்டு சிஸ்டம் வைப்பது கடை மெஷினுக்கு ஆகாத வேலை.

மின்ட்டை நிறுவும் ஐஎஸ்ஓ ஃபைல் சுமார் 3 ஜிபி. இறக்கியதும், ஃபைல் கெடாமல் வந்ததைக் காட்டும் செக்சம் எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேர் வைத்து எழுதி, மெஷினை இயக்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 தட்டி அதிலிருந்து பூட் செய்யுங்கள். நிறுவாமலேயே ஓடும். அந்த நிலையிலேயே நான்கைச் சோதியுங்கள். வைஃபை: தெரியாவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போட்டால் நெட் வரும், அதன் பிறகு டிரைவர் மேனேஜர் பார்த்துக்கொள்ளும். பிரின்டர்: எச்பி லேசர்ஜெட் 1020 வகைக்கு எச்பிலிப் என்ற டிரைவர் வழியாக ஒரு கூடுதல் பிளக்இன் வேண்டும். பாதிக் கடைகளில் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் ரொம்பவே முரண்டு பிடிக்கும். அதை விண்டோஸ் மெஷினோடு விட்டுவிட்டு இங்கே பிடிஎஃப் எடுத்து அனுப்புவது நிம்மதி. தராசு: பழைய பிஎல்2303 இங்கே தானாக ஓடும், வேடிக்கைதான். ஆனால் நிறுவிய பிறகு பயனரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்க்காவிட்டால் "அனுமதி இல்லை" என்று வரும். சிஎச்340 மாற்றி செருகியவுடன் காணாமல் போனால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிக்குரிய பிஆர்எல்டிடிஒய் என்ற பேக்கேஜ் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். தேவையில்லாத மெஷினில் அந்தப் பேக்கேஜை நீக்கினால் சரி.

நான்காவது தமிழ். இன்புட் மெத்தட் பகுதியில் தமிழைச் சேர்த்து, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் தமிழ்99 கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் தட்டச்சு வந்துவிடும். பழைய ஃபைல்கள்தான் சோதனை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த விலைப்பட்டியலைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும். அந்த எழுத்துரு ஃபைலைக் காப்பி செய்து போட்டால் படிக்க முடியும். ஆனால் அதைத் தேடவோ வாட்ஸ்அப்பில் ஒட்டவோ முடியாது. அடிக்கடி தொடும் பத்துப் பதினைந்து ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எந்தக் கம்பெனியும் போடாமல் நாமே போட்டுக்கொண்ட பூட்டு இது.

கிளவுடும் மெயிலும்

கிளவுட் என்பது கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர்களில் இடத்தை வாடகைக்கு விடுவது, அமேசான் 2006-ல் ஆரம்பித்த கடை இது. மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் பின்னால் வந்தன. மூவருக்கும் இந்தியாவில் டேட்டா சென்டர் உண்டு, மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலேயே உண்டு. உள்ளே ஏற்ற இலவசம், வெளியே எடுக்கக் காசு என்பதுதான் தொழில் ரகசியமாக இருந்தது. 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் மற்ற இருவரும், ஒரேயடியாக வெளியேறும் வாடிக்கையாளருக்கு அந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பவருக்கு இது பொருந்தாது.

டாலியைக் கிளவுடில் போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தினசரி பேக்கப்பை என் டிஸ்க்குக்கு நானே இறக்க முடியுமா? வாடகை நின்றால் எத்தனை நாள் தரவு இருக்கும்? டாலி லைசென்ஸ் என் பெயரிலா, உங்கள் பெயரிலா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒரே இடத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 அக்டோபர் 20 உதாரணம். அமெரிக்காவில் அமேசானின் ஒரு பகுதியில் வந்த டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக மாற்றும் ஏற்பாடு) கோளாறில் உலகெங்கும் பல சேவைகள் மணிக்கணக்கில் நின்றன.

மெயிலில் அடகைத் தவிர்க்க ஒரே வழி, சொந்த டொமைன். கடை பெயரில் டாட் இன் முகவரி இருந்தால் இன்று கூகுள், நாளை ஸோஹோ, மறுநாள் மைக்ரோசாஃப்ட் என்று மாறினாலும் விசிட்டிங் கார்டு மாறாது. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் பணத்தில் வாங்குங்கள். வெப்சைட் செய்து தருபவர் பெயரில் வாங்கினால் அவரோடு மனத்தாங்கல் வரும் நாளில் கடைப் பலகையே அவருடையது.

மாறும் முறை: முந்தைய நாள் டிஎன்எஸ்ஸில் டிடிஎல் மதிப்பை 300 விநாடி ஆக்குங்கள், மாற்றம் சீக்கிரம் பரவும். புது இடத்தில் எல்லா மெயில்பாக்ஸையும் உருவாக்கி, ஐமேப் என்ற மெயில் இணைப்பு வழியாகப் பழைய மெயில்களை இழுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, மெயில் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றுங்கள். பழைய கணக்கை ஒரு மாதம் மூடாதீர்கள். இதில் தவறும் இடம் எஸ்பிஎஃப், அதாவது உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு உரிமை என்று சொல்லும் டிஎன்எஸ் வரி. பழைய கம்பெனியின் வரியை விட்டுவிட்டுப் புதிய வரியைக் கீழே சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே செல்லாமல் போய், உங்கள் கொட்டேஷன்கள் ஸ்பேமில் விழும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

ஏற்காட்டில் கிளவுட் கணக்கே வேறு. 100 ஜிபி போட்டோவை விநாடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் ஃபைபரில் அனுப்ப 11 மணி நேரம் ஆகும். மழைக்குக் கேபிள் அறுந்து, போனின் 2 மெகாபிட்டில் ஓட்டினால் நான்கரை நாளுக்கு மேல். அதனால் விருந்தினர் பதிவேடு பிரவுசருக்குள் இருக்கக் கூடாது. எக்செல் போன்ற லிப்ரே ஆஃபீஸில் மெஷினிலேயே வைத்து, நெட் இருக்கும்போது கிளவுடுக்குப் போகட்டும். ரிசப்ஷனிலும் வீட்டு லேப்டாப்பிலும் ஒரே ஃபைலைத் திறந்து வைத்தால் நெட் திரும்பும்போது இரண்டு பிரதிகள் பிறக்கும். அன்று யார் எழுதுகிறார் என்பதை ஒருவருக்கென்று வைத்துவிடுங்கள்.

பெரிய காப்பிகளுக்கு மலைப் பாதைதான் வேகமான லைன். இரண்டு டிஸ்க்கில் ஒன்று மேலே, ஒன்று சேலத்தில். மாதம் ஒரு தடவை இறங்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்குவதால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டி நல்லது. ஆனால் மாதக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் பூட்டி வைக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல, சுற்றிக்கொண்டே இருக்கட்டும். மேலே இருப்பதை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். மூட்டம் இறங்கும் மாதங்களில் யூஎஸ்பி முனை பச்சை பிடிக்கும். சித்திரை, வைகாசி இடிக்கு டிஸ்க்கைக் கழற்றியே வைத்திருப்பதுதான் காப்பு. டிஸ்க் தொலைந்தால் கஸ்டமர் விவரம் தெருவுக்கு வரும், அதனால் வெராகிரிப்ட் போன்று எல்லாச் சிஸ்டத்திலும் திறக்கும் பூட்டைப் போடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த டிஸ்க்கை வேறொரு மெஷினில் செருகிப் பாருங்கள். டாலி பேக்கப்பைப் புது ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள், ஓடும் தரவின் மேலேயே செய்தால் இன்றைய கணக்கு அழியும். அந்த மெஷினில் லைசென்ஸ் இல்லாவிட்டாலும் எஜுகேஷனல் மோடில் டாலி திறக்கும். மாதத்தில் சில தேதிகளுக்கு மட்டும்தான் பதிவு போட விடும் என்றாலும், நேற்றைய பேரேட்டு நிலுவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அது தாராளம். ஒரு கூகுள் ஷீட் எக்செல்லாகத் திறக்கிறதா, ஒரு பழைய போட்டோ சரியான தேதியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பார்த்து முடித்த தேதியை நோட்டின் நான்காவது கட்டத்தில் எழுதுங்கள். பேக்கப் எடுத்த தேதியை அங்கே எழுத வேண்டாம்.